முதுகு காட்டி நின்றவன்

கிணற்றை இறைத்த அன்று தோட்டத்தில் இருந்தவர்கள்: சோலைமலை, அதாவது நான். என் மனைவி மணிமேகலை. பூப்பறிக்க வரும் ஜக்கம்மாள். திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து வந்திருந்த சைதூன் அம்மா. அவருடைய மூத்த மகன் அயாஸ். கிணற்றில் இறங்குவதற்காக அயாஸ் கூட்டி வந்திருந்த ரொனால்டு.

மல்லிகைப் பாத்திகளுக்கு நடுவே பொம்மை நின்றது. அதை ஆள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

சைதூன் அம்மாவின் இளைய மகன் இஷாக் கிணற்றுக்குள் கிடக்கிறானா இல்லையா என்று பார்க்கத்தான் கூடியிருந்தோம். தை மாதத்திலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் நான் செடிகளுக்குப் பாய்ச்சியிருந்தேன். பாதி நாட்கள் குடித்தும் இருந்தேன்.

மல்லிகை போட்டவனுக்குப் பங்குனி எரிச்சலான மாதம். காலண்டரில் வசந்த காலம் என்று போட்டிருப்பார்கள். எங்கள் பக்கம், ரெட்டியார்சத்திரம் தாண்டிப் பழனி ரோட்டில், வசந்தம் என்றால் செம்பேன். இலைக்கு அடியில் சிவப்புத் தூசி மாதிரி ஒட்டியிருக்கும். அது போனால் மொட்டுப்புழு. மொட்டில் ஓட்டை போட்டு உள்ளே போய் உட்கார்ந்து தின்னும். அப்புறம் மயில். ஓரத்தில் போட்ட மிளகாய் நாற்றைக் காலால் கிளறிப் போட்டுவிட்டு ஒய்யாரமாகப் போகும். அடிக்கவும் முடியாது, கேஸ் ஆகிவிடும். அப்புறம் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவன் பங்குனியில் போன் போட்டு, உன் தோட்டத்துப் பூ மாதிரி வராது மாப்ளே என்பான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை பழனிக்கு நடந்து போகிறவர்கள். தைப்பூசத்துக்கு ஒரு கூட்டம், பங்குனி உத்திரத்துக்கு ஒரு கூட்டம். என் பம்ப்செட் ரோட்டிலிருந்தே தெரியும். வந்து குளிப்பார்கள். செடி மேல் வேட்டி காயப்போடுவார்கள். தண்ணீர் பாக்கெட்டைப் பாத்தியில் வீசுவார்கள். வேலியோரம் உட்காருவார்கள். ஈரத் துணியை விட்டுவிட்டே போய்விடுவார்கள். இனிமேல் வெறுங்காலோடு நடக்கிறேன் என்று பாதி வழியில் வேண்டிக்கொண்டு, செருப்பை இங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

இதற்கெல்லாம் எதிராக எனக்கென்று சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பங்குனி முதல் நாள் மோட்டார் போட மாட்டேன். செடி ஒருநாள் ஏங்கட்டும். முதல் பறிப்பில் ஒரு கை மொட்டைக் கிணற்றில் போடுவேன். செம்பேன் பிடித்த கொத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு போய் நடுரோட்டில் வைப்பேன். பழனி பஸ் அதன் மேல் ஏறிப் போகிற வரை நின்று பார்ப்பேன். இதனால் செம்பேன் குறைந்ததில்லை. எனக்கு மனசு ஆறும்.

பிறகு பொம்மை. ஊரில் மற்றவர்கள் வைப்பது போலச் சட்டித் தலையும் முழியும் மீசையும் கிடையாது. சவுக்குக் கம்பில் வைக்கோல் சுற்றி, பழைய தலையணை உறைக்குள் வைக்கோல் திணித்துத் தலையாக வைத்து, அதன் மேல் ஒரு துண்டைக் கட்டிவிடுவேன். முகம் வரைய மாட்டேன். ரோட்டுக்கு முதுகைக் காட்டி நிறுத்துவேன். முகம் காட்டி நிற்கிறவனிடம், அண்ணே குளிச்சுக்கிறோம் என்று கேட்கலாம். மறுத்தால் சண்டை போடலாம். முதுகு காட்டி அசையாமல் நிற்கிறவனிடம் என்ன கேட்பது? ஏன் திரும்ப மாட்டேன் என்கிறான் என்று யோசித்தபடியே பாதிப் பேர் அடுத்த பம்ப்செட்டுக்குப் போய்விடுவார்கள்.

அதற்குப் போடுகிற துணி என்னுடையதாக இருக்காது. தை மாதம் நடந்து போனவர்கள் விட்டுப் போனதில் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்திருப்பேன். அவர்கள் துணியே அவர்களை விரட்டட்டும் என்பது என் நியாயம். உத்திரம் முடிந்த மறுநாள் பொம்மையைப் பிடுங்கி, காய்ந்த குச்சிகளோடு போட்டு எரித்துவிடுவேன். சாம்பல் எலுமிச்சை மரத்துக்கு.

இந்த வருஷம் கிடைத்தது பச்சைக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. தைப்பூசத்தை ஒட்டி ஒருநாள் மணிமேகலை துணி துவைக்கப் போனபோது கிணற்றுச் சுவர் மேல் இருந்தது. கீழே ஒரு ஜோடி செருப்பு. சட்டையை மடித்து வைத்திருந்தார்கள். விட்டுப் போகிறவர்கள் மடிக்க மாட்டார்கள். அந்த வித்தியாசம் எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. சட்டையின் வலது தோளிலிருந்து பாதி முதுகு வரை சுண்ணாம்பு பட்டது போல வெளுத்திருந்தது. வெள்ளை தூரத்துக்குத் தெரியும், பொம்மைக்கு நல்லது என்று எடுத்து வைத்தேன். செருப்பு என் அளவாக இருந்தது. போட்டுக்கொண்டேன்.

பங்குனி பிறந்து பொம்மையை நிறுத்திய சில நாட்களில் சைதூன் அம்மா வந்தார்.

மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தவன் நான். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் பகல் தூக்கம் என்னை விடவில்லை. உச்சி வெயிலில் மோட்டார் ரூம் தரையில் படுத்திருந்தேன். மணிமேகலை வந்து எழுப்பினாள். வேலிக்கு வெளியே கறுப்புப் புர்காவில் ஒரு வயதான அம்மா நின்றார். பழனி பஸ்ஸில் ஆயக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, தார் ரோட்டில் நடந்தே திரும்பி வந்திருந்தார். அது நோன்பு மாதம். உதடு வெடித்திருந்தது.

“அந்தா நிக்கிறான்ல, அவனைக் கொஞ்சம் கூப்பிட்டு விடுங்க தம்பி. நான் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறான்.”

அது பொம்மை என்று சொன்னேன்.

“பொம்மைதான். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் தம்பி. இஷாக்குன்னு கூப்பிடுங்க.”

நான் கூப்பிடவில்லை. மணிமேகலைதான் பாவம் பார்த்து, “இஷாக்கு” என்று மெதுவாகக் கூப்பிட்டாள். பொம்மை திரும்பவில்லை. ஆனால் திரும்புகிறதா என்று நாங்கள் மூன்று பேரும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

நிழலில் உட்கார்ந்த பிறகு அந்த அம்மா விவரம் சொன்னார். பேகம்பூரில் மூத்த மகன் தோல் கிடங்கு வைத்திருக்கிறார். சின்னவன் இஷாக் அங்கே தோல் சுமப்பான். சுண்ணாம்பில் ஊறிய தோலை எப்போதும் வலது தோளில்தான் போடுவான். அதனால் அவன் சட்டை எல்லாமே ஒரே இடத்தில் வெளுத்திருக்கும். அதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தனக்குத் தெரியும் என்றார். பொங்கல் கழிந்து ஒருநாள் அண்ணனோடு சண்டை. மத்தியானச் சோறு தின்றுவிட்டு, அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் கிளம்பிப் போனவன்தான். போனை வீட்டிலேயே வைத்துவிட்டான். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சட்டை எங்கே கிடைத்தது என்று கேட்டார். நடந்து போனவர்கள் விட்டது என்று நான் ஆரம்பித்தேன். மணிமேகலைக்குப் பொய் வராது. கையை நீட்டிக் கிணற்றைக் காட்டிவிட்டாள். காட்டிய பிறகுதான் தான் என்ன காட்டினோம் என்பது அவளுக்கே புரிந்தது. கையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

சைதூன் அம்மா கிணற்றைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அந்தத் திசையில் ஒருமுறைகூட முகத்தைத் திருப்பவில்லை.

சாயங்காலம் அயாஸ் பைக்கில் வந்தான். முப்பது வயது இருக்கும். அம்மாவிடம் பேசுவதற்கு முன் நேராகக் கிணற்றுக்குப் போனான். ஒரு கல்லை எடுத்துப் போட்டான். சத்தம் வந்து அடங்கும் வரை குனிந்து நின்றான். தண்ணீரில் விழுந்த உடம்பு மூன்றாம் நாள் மிதந்துவிடும், நாங்கள் தினமும் இறைக்கிற கிணறு, தெரியாமல் இருக்காது என்று அவனிடம் சொன்னேன்.

“கல்லைக் கட்டிக்கிட்டு எறங்கியிருந்தா?” என்றான்.

கிணற்றின் அடியில் பாறை குடைந்து உள்ளே போகிறது என்பது எனக்குத் தெரியும். இறைத்துப் பார்த்துவிடலாம் என்றான். பூ உச்சத்தில் இருக்கிற நேரம், மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டால் ஊறி வர நாளாகும், செடி செத்துவிடும் என்றேன். சித்திரையில் தானே வற்றும், பொறுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். அவன் உடனே தலையாட்டினான். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என்னைப் போலவே அவனுக்கும் பார்க்க மனமில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினோம். மணிமேகலை ஊர்க் குழாயிலிருந்து குடத்தில் கொண்டு வந்தாள். செடிக்கு மட்டும் பாய்ச்சினேன். தினமும் மோட்டார் போட்டவுடன் குழாய் வாயில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பேன். எந்த நாற்றமும் இல்லை. பாசி வாடைகூட இல்லை. பூ மட்டும் வேறு மாதிரி இருந்தது. மொட்டு நீளம், காம்பு தடிமன். சாக்கில் கட்டிக்கொண்டு போனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் எழுந்து தள்ளிப் போய் நிற்கிற அளவுக்கு மணம். பூ மார்க்கெட்டில் வாங்குகிறவர் என்ன உரம் போடுகிறாய் என்று கேட்டார். வேப்பம் புண்ணாக்கு என்று சொன்னேன்.

சைதூன் அம்மா தினமும் வந்தார். அதே பஸ், அதே உச்சி வெயில். மகன் போன நேரம் அது. முருங்கை மரம் கொடுக்கிற அரைகுறை நிழலில், பொம்மைக்குப் பின்னால், பாத்தி வரப்பில் உட்காருவார். சத்தம் வராமல் பேசுவார். பேசி நிறுத்துவார். பிறகு தலையாட்டுவார். போனில் எதிர்முனை பேசுவதைக் கேட்கிறவர்கள் ஆட்டுவார்களே, அப்படி. ஒருநாளும் முன்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. ஏன் என்று மணிமேகலை கேட்டதற்கு, கோபமாக இருக்கிறவனை முகத்துக்கு நேரே போய்ப் பார்க்கக் கூடாது, தானாகத் திரும்ப வேண்டும் என்றாராம். மணிமேகலை ஒவ்வொரு நாளும் மோர் கொண்டு போய் நீட்டுவாள். நோன்பு என்று ஞாபகம் வந்து திருப்பிக் கொண்டு வருவாள்.

எனக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. விரட்டிவிடலாம் என்று எழுந்து போவேன். அந்த அம்மா புர்காவின் ஓரத்தால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தம்பி தூங்கலையா என்று கேட்பார். திரும்பி வந்துவிடுவேன்.

முதலில் மயில்கள் வருவது நின்றது. வழக்கமாகப் பொம்மை வைத்த ஒரு வாரத்தில் மயிலுக்குப் பழகிவிடும். அதன் தோளிலேயே ஏறி உட்காரும். இந்த வருஷம் வேலிக்கு உள்ளே ஒன்றும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று கழுத்தை நீட்டிப் பார்க்கும். அகவாது. எனக்கு மிளகாய் தப்பியது லாபம். ஆனாலும் மயில் சத்தம் போடாமல் நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது ஜக்கம்மாள். பொம்மைக்கு எதிரே இருக்கிற பாத்திகளில் பறிக்க மாட்டேன் என்று கூடையை வைத்துவிட்டாள்.

“எனக்கு வேணாம் அப்பு. அங்கன குனிஞ்சா, எப்ப முடிப்பேன்னு ஆரோ மேலருந்து பாத்துக்கிட்டே நிக்கிற மாதிரி இருக்கு. நீயே பறிச்சுக்க. ஒனக்குத்தான் வெவரம் பத்தாதே, பயமும் வராது.”

நானே பறித்தேன். விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் அந்தப் பாத்திக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பறித்துக்கொண்டே நிமிர்ந்தபோது பொம்மையின் முன்பக்கம் கண்ணுக்கு நேரே இருந்தது. பனி ஈரத்தில் தலையணை உறை வைக்கோலோடு ஒட்டி இரண்டு இடத்தில் குழிந்திருந்தது. கையால் தட்டி நிரவிவிட்டேன். மறுநாளும் அதே இரண்டு இடத்தில் குழிந்திருந்தது. அதற்குக் கீழே நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. வைக்கோல் அமுங்கும், புடைக்கும். அன்றைக்கும் தட்டி நிரவினேன். அதன் பிறகு அந்தப் பாத்தியைப் பறிக்காமல் விட்டேன். மொட்டு செடியிலேயே விரிந்து, பழுப்பாகிக் கொட்டியது. மத்தியானத்தில் அந்த மணம் தலையை வலிக்கச் செய்தது.

ஒருநாள் சைதூன் அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வரப்பிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

“செருப்பைக் கேக்குறான் தம்பி. மண்ணு சுடுதாம்.”

செருப்பு கிடைத்ததை நான் அவரிடமும் சொல்லவில்லை, அயாஸிடமும் சொல்லவில்லை. சட்டையைப் பற்றித்தான் பேச்சே நடந்தது. மணிமேகலையைப் பார்த்தேன். அவள் இல்லை என்று தலையசைத்தாள். மகன் செருப்பு அம்மாவுக்கு அடையாளம் தெரியும், முதல் நாளே என் காலில் பார்த்திருப்பார், சமயம் பார்த்துக் கேட்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் கேட்டபோது அவர் என் காலைப் பார்க்கவில்லை. பொம்மையின் துண்டு கட்டிய தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைப் பொம்மைக் கம்பின் இரண்டு பக்கமும் ஜோடியாக வைத்தார். மண் உண்மையிலேயே சுட்டது. மோட்டார் ரூம் வரை வெறுங்காலோடு ஓடினேன்.

நோன்புப் பெருநாள் வந்தது. அன்றும் வந்தார். புதுச் சேலை, கையில் தூக்குச்சட்டி. எங்களுக்குப் பிரியாணி கொடுத்துவிட்டு, பொம்மைக்குப் பின்னால் வழக்கம் போல் உட்கார்ந்தார். உத்திரத்துக்குக் கூட்டம் நடந்து போனது. ஒருவர்கூடத் தோட்டத்துக்குள் வரவில்லை. ஒரு கும்பல் வேலியோரம் நின்று, அண்ணே தண்ணி கிடைக்குமா என்று பொம்மையிடம் கேட்டது. பிறகு அவர்களுக்குள் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டு, காவடியைக்கூட ஆட்டாமல் விறுவிறு என்று போய்விட்டார்கள்.

உத்திரத்தன்று சாயங்காலம் அயாஸ் வந்தான். இனிமேல் பொறுக்க முடியாது என்றான். வீட்டில் அம்மா தம்பியைத் தேடுவதையே நிறுத்திவிட்டாராம். யாராவது கேட்டால், சின்னவன் ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான் என்கிறாராம்.

“உள்ள இருந்தா எடுத்து அடக்கம் பண்ணிருவோம்ணே. இல்லாட்டி ஊரு ஊராத் தேடுவோம். ரெண்டுல ஒண்ணு தெரியணும். இல்லாட்டி எங்கம்மாவும் கையை விட்டுப் போயிரும்.”

செடியைப் பற்றி நான் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மறுநாள் காலையிலேயே டீசல் எஞ்சினும் ரொனால்டும் வந்து சேர்ந்தார்கள். ரொனால்டு கிணறு தூர் வாருகிறவன். எஞ்சினும் என் மோட்டாரும் சேர்ந்து இறைத்தன. தண்ணீரைப் பக்கத்துத் தரிசில் விட்டோம். கோடைக்கு நான் சேர்த்து வைத்திருந்த தண்ணீர் புழுதியில் ஓடி மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் நெருங்கும்போது அடிப் பாறை தெரிந்தது. சைதூன் அம்மா தன் இடத்தில், கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ரொனால்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். அயாஸ் கயிற்றைப் பிடித்தான். கயிறு ஆடிக்கொண்டே இருந்தது. ஒழுங்காப் பிடிங்க பாய், என் பொண்டாட்டி ரெண்டாவது கல்யாணத்துக்கு ரெடியா இல்ல என்று ரொனால்டு கீழேயிருந்து கத்தினான்.

பாறைக் குடைவுக்குள் டார்ச் வெளிச்சம் போனது. சேற்றைக் கடப்பாரையால் குத்துகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. மணிமேகலை என் கையைப் பிடித்திருந்தாள். ஜக்கம்மாள் வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள்.

“ஒரு பித்தளைக் கொடம். ரெண்டு செல்போனு. சாரப்பாம்பு ஒண்ணு, உசுரோட இருக்கு. மக்கிப்போன மல்லியப்பூ ஒரு கூடை தேறும். அம்புட்டுத்தான். ஆளு இல்ல” என்றான் ரொனால்டு கீழேயிருந்து.

முதலில் எனக்கு நினைவு வந்தது நான் விற்ற பூ. அதில் ஒன்றும் இல்லை, நல்ல பூதான் என்று தோன்றியது. பையன் உயிரோடு இருக்கலாம் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. அயாஸ் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஏதோ ஓதினான். பிறகு எழுந்து அம்மாவிடம் ஓடினான்.

“அம்மா, உள்ள இல்லம்மா. தம்பி எங்கயோ நல்லா இருக்கான்மா.”

“அதத்தானடா இம்புட்டு நாளாச் சொல்றேன்” என்றார் சைதூன் அம்மா. “இங்கன நிக்கிறவனைக் கெணத்துக்குள்ள தேடுனா எப்புடி இருப்பான்?”

அயாஸின் முகத்திலிருந்து சந்தோஷம் வடிந்ததை நான் பார்த்தேன். அவன் எதிர்பார்த்த இரண்டில் நல்லது நடந்திருந்தது. ஆனால் அவன் அம்மா திரும்பி வரவில்லை.

ஜக்கம்மாள் அந்த நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உத்திரந்தான் முடிஞ்சிருச்சே, இந்தக் கருமத்தை வழக்கம்போல எரிச்சு விடு அப்பு என்றாள் என்னிடம். சைதூன் அம்மா எழுந்தார்.

“எரிக்கவா?”

வருஷா வருஷம் செய்வதுதான் என்று சொன்னேன்.

“எங்கள்ல எரிக்க மாட்டோம் தம்பி” என்றார். கோபமே இல்லாமல், தெரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது போலச் சொன்னார். “நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கம்பைப் பிடுங்கிக் குடுங்க.”

அயாஸ் அவர் முன்னால் வந்து நின்றான். வீட்டில் பொம்மை வைக்கக் கூடாது, உருவம் இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குமார்கள் வர மாட்டார்கள், இது உனக்கே தெரியும், நீதானே சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னாய் என்று கெஞ்சினான். அந்த அம்மா அவனைத் தாண்டி நடந்தார். வந்த நாளிலிருந்து முதல் முறையாகப் பொம்மையைச் சுற்றி முன்பக்கம் போனார். எஞ்சினை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மயில்கள் நின்றன.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு புர்காவின் ஓரத்தால் அந்த உறையைத் துடைத்தார்.

“வந்து பாருடா. மொகமே இல்ல. மொகம் இல்லாட்டி அது உருவம் இல்ல. மார்க்கத்துல தடுக்கல.”

அயாஸ் போய்ப் பார்த்தான். என்ன பார்த்தானோ, உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். சரிம்மா என்றான்.

கம்பைப் பிடுங்கியது நான்தான். வழக்கமாக ஒரு கையால் தூக்கிப் போடுவேன். அன்று இரண்டு கையும் வேண்டியிருந்தது. பனியிலும் ஈரத்திலும் வைக்கோல் கனத்திருக்கும். தோளில் சாய்த்தபோது தலைப்பக்கம் என் கன்னத்துக்கு அருகே வந்தது. குழிகள் இருந்தன. நான் நிரவவில்லை. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அயாஸ் தோல் ஏற்றுகிற குட்டியானை வண்டியைக் கொண்டு வந்திருந்தான். படுக்க வைக்கப் போனேன். படுக்க வைக்கக் கூடாது, உட்கார வையுங்கள் என்றார். கம்பு வைத்த பொம்மை எப்படி உட்காரும்? சாய்த்து வைத்து, அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் பிடித்துக்கொண்டோம். செருப்பை அவர் மடியில் வைத்துக்கொண்டார். பழனி ரோட்டில் காற்று அடித்தபோது சட்டையின் வெற்றுக் கைகள் படபடத்து என் நெஞ்சில் அடித்தன. எங்களைத் தாண்டிய பஸ்ஸிலிருந்து மனிதர்கள் பார்த்தார்கள். மயங்கிச் சாய்ந்த ஒருவனை இரண்டு பேர் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது போலத்தான் தெரிந்திருக்கும். ஒரு பெண் கன்னத்தில் கைவைத்து உச்சுக்கொட்டியதுகூட எனக்குத் தெரிந்தது.

பேகம்பூர் சந்துக்குள் வண்டி நுழைந்தபோது தோல் வாடை வந்தது. பொம்மை லேசாகப் பின்னால் சாய்ந்தது. சைதூன் அம்மா அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

பின்கட்டில் இஷாக்கின் அறை. கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. அவர் அதைக் காலையிலேயே போட்டிருக்க வேண்டும். கிணற்றை இறைப்பதற்கு முன்பே. நானும் அயாஸும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய், சுவரைப் பார்த்து நிற்கிற மாதிரி மூலையில் சாய்த்தோம். எப்படி வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. கை தானாக அப்படி வைத்தது. பச்சைக் கட்டச் சட்டை, வெளுத்த வலது தோள். அந்த அறையில் நின்றபோது அதைப் பொம்மை என்று சொல்ல எனக்கு வரவில்லை.

அயாஸ் முதலில் வெளியே வந்தான். வாசற்படியிலேயே நின்று, நாளையிலிருந்து தேடப் போகிறேன், ஈரோடு பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளில் விசாரிக்க வேண்டும், போட்டோவை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். நீயும் வாயேன் அண்ணே என்றான். வருகிறேன் என்றேன். அவன் தம்பி உயிரோடு எங்கேயோ ஒரு ஊரில் வேறு சட்டை போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருக்கலாம். கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தால் எந்த அறையில் படுக்க வைப்பான் என்று நான் கேட்கவில்லை.

சைதூன் அம்மா உள்ளேயிருந்து வர நேரமானது. செருப்பைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வாசலுக்கு வந்து, கதவில் கைவைத்தபடி உள்ளே திரும்பிப் பார்த்து நின்றார். தோட்டத்தில் செய்வது போலவே தலையைச் சாய்த்துக் கேட்டார். அயாஸ் பேச்சை நிறுத்தினான்.

“இப்ப எங்கிட்டும் போக வேணாம்” என்றார் உள்ளே பார்த்து. “வெயிலு தாழட்டும். அம்மா வந்து தொறக்கிறேன்.”

கதவைச் சாத்தினார். பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.